‘நீரு’ என்று காதில் விழுந்தது: ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒற்றைத் தலைவலி

இந்த ஆய்வில் வருபவர் கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் 36 வயதுப் பெண். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கும் மருந்துகளின் கணக்கும் நடந்தபடியே இருக்கின்றன.

ஒற்றைத் தலைவலி எங்கள் பக்கத்தில் புதிதில்லை. வாரத்துக்குப் பத்துப் பேரையாவது பார்க்கிறேன். இந்த ஒன்றை எழுதக் காரணம், ஒரு சரியான விளக்கம் எல்லை தாண்டும்போது எப்படி வேறொன்றாக மாறி, ஒருவரின் உடம்பை ஆறு வாரம் பாடுபடுத்தியது என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியதுதான்.

பின்னணி

கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் மலையேறுகின்றன. கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ எல்லையைத் தாண்டினால் வண்டன்மேடு, அணைக்கரை, புளியன்மலை என்று ஏலத்தோட்டங்கள். ‘மேலே போறது’ என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். மூன்றரை மணிக்கு எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, வெறும் டீயோடு பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். முதல் வாய்ச் சோறு பத்து மணிக்கு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பவர்கள் பலர். தூக்கம் ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம்.

இவருக்குத் தலைவலி 19 வயதில் தொடங்கியது. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னால் வலதுபக்க நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து, ஒரு நாள் முழுக்கத் துடிக்கும். வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். அம்மாவுக்கும் இருந்தது. ‘மண்டையிடி’ என்று சொல்லித் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை வீட்டில் யாரும் வியப்பாகப் பார்த்ததில்லை.

மேலே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாதத்துக்கு மூன்று, நான்கு முறை ஆனது. பெட்டிக்கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரை ஒன்று போட்டால் மதியத்துக்குள் கேட்டுவிடும். பிறகு ஒன்று போதாமல் இரண்டு. என்னிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பிருந்து வலி இல்லாத நாள் அரிதாகிவிட்டது. இடையில் ‘சைனஸ்’ என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. தலையை ஸ்கேன் செய்து பார்த்ததில் எதுவும் இல்லை.

முதல் வருகை

ஆவணி முதல் வாரத்தில், மாமியாரோடு வந்தார். உட்கார்ந்ததும் மாமியார் சொன்ன முதல் வாக்கியம்: “இவளுக்கு மூளையில நீர் கோத்துக்கிச்சு டாக்டரம்மா. மேலே உள்ள டாக்டரே சொல்லிட்டாரு.”

முகம் லேசாக உப்பியிருந்தது. உதடு வறண்டிருந்தது. ரத்த அழுத்தம் 146/92. சாப்பிடாமல் இருந்தும் சர்க்கரை 128. ஒல்லியான, நாள் முழுக்க மலைச்சரிவில் வேலை செய்யும் பெண்ணிடம் இந்த மூன்றும் சேர்ந்து வந்தது எனக்கு உறுத்தியது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் “தலைவலி மாத்திரைதான்” என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம், காலி அட்டை உட்பட, எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஒரு மஞ்சப்பை நிறைய வந்தது. மேசையில் கொட்டி எண்ணினோம். பாராசிட்டமாலும் காஃபீனும் இன்னொரு வலி மருந்தும் சேர்ந்த கலவை மாத்திரை, மாதத்தில் ஏறத்தாழ 24 நாள். அவற்றுக்கு நடுவே வேறொரு அட்டை: பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம். தினம் ஒன்று, ஆறு வாரமாக. முக உப்பலுக்கும் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் விடை கிடைத்தது: ஸ்டீராய்டு.

கண்டவை

காய்ச்சல் இல்லை. கழுத்து விறைப்பு இல்லை. பேச்சு, நடை, கைகால் வலு, முகத்தசை எல்லாம் சரி. விழித்திரையைக் கருவி வைத்துப் பார்த்தேன். கண் நரம்பு முகப்பில் வீக்கம் இல்லை. தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்திருக்கும். முகம் உப்பிய ஒருவர் தினமும் தலைவலி என்று சொல்லும்போது இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது.

சீப்பு பட்டாலே முடிக்கால் வலிக்கிறது என்றார். கொண்டை போட முடியவில்லை. தோட்டத்தில் தலையில் கட்டும் துண்டு கூட முள் மாதிரி இருக்கிறதாம். மூன்று முறை வேறொன்றும் நடந்திருக்கிறது: வலி வருமுன் கண்ணோரத்தில் “வெயில்ல தகரம் மின்னுற மாதிரி” ஒரு வளைவான பளபளப்பு தோன்றி, கால் மணி நேரத்தில் மெல்லப் பரந்து, பார்வையின் பாதியை மறைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேய்க்காற்று பட்டது என்று மாமியார் திருநீறு போட்டிருக்கிறார்.

கருத்தடை மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்று கேட்டேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முன்பே செய்துகொண்டவர். பளபளப்போடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால் அந்தக் கேள்வி. பனிக்காலத்தில் மூச்சிளைப்பு வரும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

என் முடிவு: பளபளப்போடும் இல்லாமலும் வரும் ஒற்றைத் தலைவலி, நாட்பட்ட நிலை. அதன் மேல் மாத்திரை மிகையால் வந்த தலைவலி. உலக அளவிலான வரையறைப்படி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணம் இருந்தால் அது நாட்பட்டது. கலவை மாத்திரையை மாதம் 10 நாளுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தாலே மிகை. இவர் இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டார்.

‘நீரு’ எப்படி வந்தது

ஸ்டீராய்டை எந்த டாக்டரும் எழுதவில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது.

ஆனி மாதம் தோட்டத்தில் வாந்தி எடுத்து விழுந்தவரை, கூட வேலை செய்தவர்கள் மேலேயே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்த டாக்டர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். சீட்டில் ஒற்றைத் தலைவலி என்றே தெளிவாக எழுதியிருந்தது. மலையாளத்தில் சென்னிக்குத்து, கொடிஞ்ஞி என்று சொல்லும் அதே நோய். ஏன் வருகிறது என்றும் விளக்கியிருக்கிறார்: மூளையின் உறையில் ‘நீரு’ உண்டாகிறது.

மலையாளத்தில் நீரு என்றால் வீக்கம். காலில் நீரு, முட்டியில் நீரு என்பார்கள். அழற்சி என்று நாம் சொல்வதை அவர்கள் நோயாளிக்குப் புரியும்படி சொல்ல எடுக்கும் சாதாரணச் சொல் அது. இவர் காதில் விழுந்தது தமிழ் நீர். தலையில் தண்ணீர். நீர்கோர்வை என்ற நோய் நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே இருப்பதால், அந்தச் சொல் போய் உட்கார ஓர் இடம் தயாராக இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் புரிதலுக்கு ஒழுங்காகப் பொருந்துகிறது. மாமியார் தலைக்குக் குளிக்க விடவில்லை. ஆவி பிடிக்க வைத்தார். “தலையில நீர் இருக்கும்போது தண்ணி குடிச்சா ஏறத்தானே செய்யும்” என்று தண்ணீரைக் குறைத்தார். நாளுக்கு நாலு டம்ளர். வெறும் வயிறும் தூக்கமின்மையும் போதாதென்று, உடம்பு வறள்வதும் சேர்ந்து தலைவலியைக் கிளப்பியிருக்கிறது.

அடுத்ததாக, மருந்துக் கடையில் வேலை பார்த்த ஓர் உறவினரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் இல்லை, மேலே அப்படிச் சொன்னால் மூளைவீக்கம் என்று அர்த்தம், அதற்கு இந்த மாத்திரைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பு ஏறக்குறைய சரி. மருந்து தவறு. முதல் வாரம் வலி நன்றாகக் குறைந்தது. அது போதும் நம்புவதற்கு. அந்த வாரத்திலிருந்து வீட்டில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற சொல் புழங்கத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இரவில் எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பாளாம்.

மேலே உள்ள டாக்டர் சொன்னதில் பிழையில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே நிகழ்வுக்கு மலையாளத்தில் நீரு. நம் மொழியில் அழலிலிருந்து பிறந்த அழற்சி. ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நெருப்பு. இடையில் மாட்டிக்கொண்டது நோயாளி.

ஒற்றைத் தலைவலியில் அழற்சி என்பது என்ன

இந்தக் குடும்பத்துக்கு இதை விளக்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினேன். அவர்களிடம் சொன்னதும், அதன் பின்னால் இருக்கும் அறிவியலும் இது.

மூளைக்கு வலி தெரியாது. மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கும் தெரியும். அங்கிருந்து வலியைக் கொண்டுபோவது முகத்துக்கும் நெற்றிக்கும் வரும் முக்கிளை நரம்பு. இந்த நரம்பு தூண்டப்பட்டால் வலியை மேலே அனுப்புவதோடு நிற்பதில்லை. தன் நுனியிலிருந்து சில பொருள்களை உறைக்குள் கசிய விடுகிறது. ரத்தக் குழாய் விரிகிறது, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள் அங்கே தம் சரக்கை அவிழ்த்துக் கொட்டுகின்றன, நரம்பு நுனி இன்னும் கூருணர்வு அடைகிறது. கிருமி இல்லை, சீழ் இல்லை. நரம்பே மூட்டிவிடும் அழற்சி. வலியின் வேர் இந்த நரம்பும் குழாயும் சேர்ந்த அமைப்பில் இருக்கிறது என்ற கருத்தை மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் 1979-இல் முன்வைத்தார். கசியும் பொருள்களில் முக்கியமானது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு. வலி வரும் நேரத்தில் கழுத்து நாள ரத்தத்தில் அது கூடுவதை 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். இந்த வேலைக்காக இவர்கள் மூவருக்கும் யெஸ் ஓல்சனுக்கும் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு 2021-இல் கிடைத்தது.

மாமியாருக்கு நான் சொன்னது செந்தட்டிச் செடியின் உதாரணம். “செந்தட்டி பட்டா கை என்னாகும்?” என்று கேட்டேன். “தடிச்சுச் செவந்து எரியும்.” “பட்ட இடத்துல மட்டுமா செவக்கும்?” கொஞ்சம் யோசித்து, “இல்ல, சுத்தியும் செவக்கும்” என்றார். அந்தச் சுற்றுச் சிவப்பு நரம்பு செய்யும் வேலை. முள் படாத இடத்திலும் நரம்பு நுனிகள் குழாயை விரிய வைப்பதால் வருவது. மூளை உறையில் நடப்பதும் அந்த வகைதான். “அதுல கிருமி இருக்கா? தண்ணி கோக்குதா?” “இல்ல. அதுவா அடங்கிரும்.” அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டேன்.

அந்தத் தகர மினுமினுப்புக்கும் விளக்கம் உண்டு. மூளையின் மேற்பரப்பில் மின்செயல் ஓங்கி, பின் அடங்கும் ஓர் அலை மெதுவாக நகர்கிறது. 1941-இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் சொந்தப் பளபளப்பைப் படமாக வரைந்து, அது நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் மூளையில் நகர்வதாகக் கணக்கிட்டார். 1944-இல் பிரேசில்காரரான அரிஸ்டிடீஸ் லியாவோ முயல் மூளையில் அப்படி ஓர் அலையைப் பதிவு செய்தார். இந்த அலை உறையிலுள்ள முக்கிளை நரம்பைத் தூண்டும் என்று 2002-இல் எலிகளில் காட்டப்பட்டது. அலை கடந்த பின் மூளைச் செல்களிலிருந்தே அழற்சிச் சமிக்ஞை கிளம்பி உறைவரை போகிறது என்று 2013-இல் துருக்கி ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் கண்டார்கள். பளபளப்பு வரும் மனிதர்களிடம், பார்வைப் பகுதிக்கு மேலுள்ள உறையில் அழற்சியின் தடயம் தெரிவதை 2020-இல் வெளியான ஒரு பெட் ஸ்கேன் ஆய்வு காட்டியது.

ஆக ‘நீரு’ என்ற சொல்லுக்கு ஆதாரம் உண்டு. ஆனாலும் எச்சரிக்கையோடு பிடிக்க வேண்டிய சொல். உறையில் திரவம் கசிவதைத் தடுக்கும் மருந்துகள் எலியில் வேலை செய்துவிட்டு மனிதர்களிடம் தோற்றுப்போயின. சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளைத் தடுக்கும் மருந்துகளுக்கும் அதே கதி. ஜெயித்தவை சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் மருந்துகள். அந்த வகை ஊசிகள் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வீக்கத்தை வற்றவைப்பது முக்கியமில்லை, நரம்பின் தூண்டுதலைத் தணிப்பதுதான் முக்கியம் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். அழற்சி என்றதும் ஸ்டீராய்டை எடுத்துக் கொடுப்பதில் உள்ள பிழையும் இதுதான். அவசர சிகிச்சையில் ஒரே ஒரு டெக்ஸாமெத்தசோன் ஊசி, வலி மறுபடி திரும்புவதைக் குறைக்கும் என்பது உண்மை. அதிலிருந்து தினசரி மாத்திரைக்குத் தாவ எந்த நியாயமும் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் ஸ்டீராய்டு. ஆறு வாரம் எடுத்தவருக்கு அதை ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் இல்லாமல் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். நாலு வாரத்தில் படிப்படியாக இறக்கும்படி எழுதினேன்.

இரண்டாவது, தலைவலி மாத்திரை. இதை ஒரேயடியாக நிறுத்தினோம். அதிகமாகச் சாப்பிடும் மாத்திரையே வலியை ஏன் வளர்க்கிறது என்பதற்கும் விடை மேலே சொன்ன அதே பாதையில்தான் இருக்கிறது: நீண்ட நாள் பாராசிட்டமால் கொடுத்த எலிகளில் அந்த மூளை அலை எழுவது கூடியது, முக்கிளை நரம்பின் தூண்டுதலும் கூடியது. நிறுத்திய முதல் வாரம் வலி மோசமாகும் என்று கணவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். அது ஏலக்காய் பறிக்கும் எடுப்புக் காலம். ஒரு வாரம் போகாவிட்டால் ஜீப்பில் அவருடைய இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஒரு சுற்று எடுப்பு முடிந்து, அதே தோட்டத்தில் அடுத்த சுற்றுக்குக் காய் முற்றும்வரை ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். பதினோரு நாள் கிடைத்தது. என் வசதிக்கு உடனே நிறுத்தியிருந்தால் அவர் மூன்றாம் நாளே மாத்திரை போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறியிருப்பார்.

மூன்றாவது, தடுப்பு மருந்து. புரோப்ரனலால் நல்ல மருந்து, ஆனால் மூச்சிளைப்பு உள்ளவருக்குக் கூடாது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் தொடங்கி 25-க்கு ஏற்றுவது என்று வைத்தேன். விலை குறைவு, தூக்கத்துக்கும் உதவும்.

நான்காவது, வலி வரும்போது என்ன செய்வது. ஸ்டீராய்டோடு நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுப் புண் அபாயம் கூடும். எனவே ஸ்டீராய்டு முடியும்வரை வாந்திக்கான மாத்திரையும் ஈரத்துணியும் இருட்டறையும் மட்டுமே. ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் ரத்தக் குழாயைச் சுருக்கும் என்பதால், ரத்த அழுத்தம் இறங்கும்வரை அதைத் தொடவில்லை.

மறு ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பதினேழு வருடக் கதை, சுத்தமான பரிசோதனை, இரண்டு மாதத்துக்கு முந்தைய ஸ்கேன். கணவர் கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்றார். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருந்தது.

தண்ணீர் நாளுக்கு இரண்டரை லிட்டர். ஜீப்பில் ஏறுமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் பழைய சோறோ. தலைக்குக் குளிப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் தலைக்குக் குளித்த பின் ஒற்றைத் தலைவலி வருவது நம் நாட்டுப் பெண்களிடம் உண்மையிலேயே உள்ள ஒன்று, 2006-இல் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் அப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மாமியாரின் கவலையில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். ஞாயிறு மதியம் குளித்து, முடியை நன்றாக உலர்த்துவது என்று ஒப்புக்கொண்டோம்.

மாத்திரை நிறுத்திய வாரம்

முதல் இரண்டு நாள் சமாளித்துவிட்டார். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். ஏழெட்டு முறை வாந்தி. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. “நான் சொன்னேன்ல, இது மூளைக்காய்ச்சல்தான்” என்று மாமியார் அழுதார்.

அந்த இரவு எனக்கும் எளிதாக இல்லை. ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது தொற்றின் காய்ச்சலும் மற்ற அறிகுறிகளும் மங்கித் தெரியலாம். “இது மாத்திரை நிறுத்திய வலிதான்” என்று முன்பே முடிவு கட்டிவிட்ட மனம் எதையும் தவறவிடக்கூடும். அதனால் முதல் நாள் பார்த்ததைப்போல் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். கழுத்து தாராளமாக மடங்கியது. நினைவு தெளிவு. கண் நரம்பு முகப்பு பழையபடியே. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. ஸ்டீராய்டு குறைத்ததால் வந்த சரிவு இல்லை என்பதற்கு அது ஒரு துணை. காலைவரை கண்காணிப்பது, நிலை மாறினால் உடனே தேனிக்கு அனுப்புவது என்று கணவரிடம் சொல்லிவிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டேன். மணிக்கொரு தடவை எழுப்பிப் பேசிப் பார்த்தோம். நாலரை மணிக்கு, வழக்கமாக ஜீப்புக்குக் கிளம்பும் நேரத்தில், அவரே எழுந்து டீ கேட்டார்.

ஆறாம் நாளிலிருந்து வலி இறங்கத் தொடங்கியது. ஒன்பதாம் நாள், எட்டு மாதத்தில் முதன்முறையாக, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வலியில்லாத ஒரு நாள். மகள் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

அடுத்த மாதங்கள்

அந்தக் காலண்டர்தான் எங்கள் குறிப்பேடு. வலி வந்த நாளுக்குக் கறுப்புப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்குச் சிவப்பு. வருமுன் மாதத்தில் 26 கறுப்பு, 24 சிவப்பு. முதல் மாதம் 21 கறுப்பு, 2 சிவப்பு. இரண்டாம் மாதம் 14-ம் 5-ம். மூன்றில் 9-ம் 5-ம். ஆறாம் மாதம் 6-ம் 4-ம். சீப்பு பட்டால் வலிப்பது மூன்றாம் மாதத்தில் நின்றது. ரத்த அழுத்தம் 122/80-க்கு வந்தது, சர்க்கரை சாதாரண அளவுக்கு இறங்கியது, முக உப்பல் வடிந்தது.

நடுவில் என் கவனக்குறைவால் ஒன்று நடந்தது. அமிட்ரிப்டிலினைப் ‘படுக்கும்போது’ என்று எழுதியிருந்தேன். அவர் படுப்பது பத்தரை மணி, எழுவது மூன்றரை. மருந்தின் அசதியோடு மலைக்குப் போய், மழை ஈரத்தில் சரிவில் கால் வழுக்கி மணிக்கட்டு பிசகியது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மாத்திரையை இரவு ஏழரைக்கு மாற்றியதும் காலை அசதி போய்விட்டது. ஒரு சொல்லை எழுதும்போது அந்த வீட்டில் இரவு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு முடிந்து இரண்டு வாரம் கழித்து, வலி தொடங்கிய அரை மணிக்குள் சாப்பாட்டோடு நாப்ராக்ஸன் 500, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை என்று அனுமதித்தேன். நரம்பின் கூருணர்வு மூளைத்தண்டுவரை ஏறித் தோலே வலிக்கத் தொடங்கிய பிறகு மாத்திரைகள் பெரும்பாலும் சரியாகக் கேட்பதில்லை. இவ்வளவு நாள் அவர் செய்தது, கூலி போகாமல் மதியம்வரை தாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு நாலு மாத்திரை போடுவது. “வலி சின்னதா இருக்கும்போது மாத்திரையா?” என்று அவருக்கு முதலில் ஏற்கவில்லை. மாதவிலக்கு நாள் வலிக்கு நாலாம் மாதத்திலிருந்து சுமாட்ரிப்டான் 50 சேர்த்தேன்.

மார்கழியில் ஒரு சறுக்கல். பண்டிகைக்கு முன் நாலு வாரம் விடாமல் எடுப்பு, இரவில் வீட்டு வேலை. கடை மாத்திரை ஏழு நாள் உள்ளே போயிருந்தது. அவர் மறைக்கவில்லை, ஏழும் சிவப்புப் புள்ளியாகக் காலண்டரில் இருந்தன. திட்டவில்லை. தை பிறந்ததும் பழைய ஒழுங்குக்குத் திரும்பினோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மருந்தடிப்பைப் பற்றி நான் தாமதமாகத்தான் கேட்டேன். ஐந்தாம் மாதக் காலண்டரில் கறுப்புப் புள்ளிகள் இரண்டு கொத்தாக விழுந்திருந்ததைப் பார்த்த மகள்தான், அவை தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த நாள்கள் என்றாள். ஏலத்துக்கு மருந்தடிப்பு அடிக்கடி நடக்கும். அந்த வாடையே ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும், அது போக அந்த மருந்து உடம்பில் ஏறினாலும் தலைவலி வரும். நஞ்சேறியதன் அடையாளங்களான உமிழ்நீர் ஊறல், தசைத் துடிப்பு, வயிற்றுப்போக்கு இல்லை என்று அப்போது கேட்டு உறுதி செய்தேன். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. இப்போது மேலே வேலை செய்யும் எவர் தலைவலியோடு வந்தாலும் முதல் ஐந்து கேள்விகளில் அது இருக்கிறது. இவர் கங்காணியிடம் பேசி, அடித்த பாத்திக்கு மறுநாள் போகாமல் வேறு பாத்திக்கு மாற்றிக்கொண்டார். எல்லாக் கங்காணியும் இதற்கு இசைவதில்லை.

அட்டைகளை எண்ணுவதை இரண்டாம் நாளுக்குத் தள்ளினேன். ஸ்டீராய்டு இருப்பதை அறியாமல் முதல் நாளே வலி ஊசி போட்டு அனுப்பியிருந்தால் வயிற்றில் என்ன ஆகியிருக்குமோ. அன்று அப்படிச் செய்யாதது உறுத்தல் ஒன்றினால்தான், ஒழுங்கான நடைமுறையால் இல்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?” என்று எல்லோரிடமும் கேட்கிறேன். “என்ன சொல்லில் சொன்னார்?” என்று கேட்பது இப்போதுதான் பழகுகிறது. மேலே உள்ள அந்த டாக்டரோடு பிறகு பேசினேன். நீரு தமிழில் தண்ணீர் என்று தான் யோசிக்கவே இல்லை என்றார். தமிழர்களிடம் இனி ‘நரம்பு எரிச்சல்’ என்று சொல்வதாகச் சொன்னார். நானும் மலையாளம் மட்டும் பேசுகிறவர்களிடம் அழற்சி என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியாது.

இப்போதைய நிலை

ஒன்பது மாதம் ஆகிறது. மாதத்தில் ஐந்தாறு நாள் வலி, அதில் படுக்க வைப்பது ஒன்றிரண்டு. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது, அமிட்ரிப்டிலினின் பக்கவிளைவு. வைகாசியில் வேலை குறைவு, தூக்கம் கிடைக்கும் என்பதால் 25-ஐ 10-ஆக இறக்கியிருக்கிறோம். ஆடியில் எடுப்பு தொடங்கும்போது வலி கூடினால் மறுபடி ஏற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

மூளை உறையையும் நரம்பையும் வரைந்து கொடுத்த தாளை அவர் தூக்குவாளிப் பையிலேயே வைத்திருக்கிறார். ஜீப்பில் உடன் வரும் பெண்களில் மூன்று பேர் இந்தப் பங்குனியிலிருந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். மூவரும் உட்காருமுன் மேசையில் வைத்தது காலி அட்டைகளை.